வராதவனின் பகடை

தணிகாசலம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு நான்கு நாற்காலிகள். மூன்றில் ஆட்கள் உட்காருவார்கள். நான்காவதில் ஒன்பது மாதமாகத் துவைத்த துணி உட்கார்ந்திருக்கிறது.

வாரம் முழுக்க அங்கே சட்டையும் துண்டும் தலையணை உறையும் குவிந்து கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ரேணுகாம்பாள் அத்தனையையும் அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, நாற்காலியை ஈரத்துணியால் ஒரு துடை துடைப்பாள். யாரும் வரப்போவதில்லை என்று அவளுக்கும் தெரியும். ஆட்டம் முடிந்ததும் துணிகள் பழைய இடத்துக்கே குடி வந்துவிடும்.

அது மகன் விக்ரமின் நாற்காலி.

அது காலியான கதையைத் தொடர்ந்து படித்து வருகிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நடுவில் ஊருக்குப் போய் இரண்டு இதழை விட்டவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன்.

கல்லூரி விடுதியில் கற்றுக்கொண்ட ஓர் ஆட்டத்தை விக்ரம்தான் பிள்ளையார்பாளையத்துக்குக் கொண்டுவந்தான். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி அந்தக் கதைக்குள் நடமாடுவார்கள். என்ன செய்யப் போகிறேன் என்பதை அவரவர் சொல்லலாம். அது பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். ஒரே கதை வாரக்கணக்கில், வருடக்கணக்கில்கூட ஓடும்.

கதை சொல்லும் வேலை அக்கா அபிநயாவுக்கு வந்து சேர்ந்தது. அம்மா ரேணுகாம்பாள் மருத்துவச்சி பச்சையம்மா ஆனாள். கதையில் யாருக்கு எந்தக் காயம் பட்டாலும் முதலில் கஞ்சி காய்ச்சுவாள். விக்ரம், செங்கோடன் என்ற ஈட்டி வீரன். டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆன தணிகாசலம், முதல் வாரம் "இது இன்னா சின்னப் புள்ளைங்க வேலை" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது வாரம் தண்ணீர் குடிக்க வந்தவர்போல மேசையருகே நின்று, மூன்றாவது வாரம் ஓடக்கார வரதனாக உட்கார்ந்துவிட்டார். கதையிலும் காசு கொடுக்காத ஒருவனையும் அவர் படகில் ஏற்றியதில்லை.

பிறகு ஒரு ஞாயிறு வந்தது. திரிஷாவை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக விக்ரம் சொன்னான். திரிஷா மாதா கோவிலுக்குப் போகிற பெண் என்பது தணிகாசலத்துக்குப் பெரிய குறையாகப் படவில்லை. அம்மாவுக்குத் தெரிந்து, அக்காவுக்குத் தெரிந்து, எதிர்வீட்டு ஜரிகைக்காரருக்குக்கூடத் தெரிந்து, கடைசியில் தனக்குச் சொன்னதுதான் அவரைச் சுட்டது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆட்டத்தில் உட்கார்ந்தார். செங்கோடன் படகில் கால் வைத்ததும், "என் படகுல உனக்கு எடம் இல்ல. எறங்கு" என்றார்.

விக்ரம் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பகடையை மேசையில் வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பையைக் கட்டினான்.

"கதையிலதான சொன்னேன்" என்று தணிகாசலம் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரும் நம்பவில்லை. அவரே நம்பவில்லை. கல்யாணத்தன்று டூட்டி இருக்கிறது என்று சொல்லி வெளியே போனார். ரிடையர் ஆன மனிதனுக்கு என்ன டூட்டியோ!

*

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அபிநயா தன் கடையைத் திறந்துவைத்திருந்தாள். முகூர்த்த மாதம், கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்திருந்தது. டிடிபி, ஜெராக்ஸ், புடவைப் பெட்டிக்கு ஸ்டிக்கர் என்று ஓய்வில்லாமல் ஓடுகிற கடை.

அந்தக் கடையில்தான் அவள் ஆட்டத்துக்கான தாள்களையும் அடிப்பாள். இணையத்தில் கிடைத்ததெல்லாம் இங்கிலீஷில் இருந்தது. அப்பாவுக்காகத் தமிழில் அவளே வடிவமைத்தாள். கதாபாத்திரத் தாள் ஒன்று. நிலப்படத் தாள் ஒன்று; அதற்குப் புடவை டிசைன் போடுகிற கட்டக் காகிதத்தையே மாதிரியாக எடுத்துக்கொண்டாள். கதை சொல்லுகிறவருக்கு வாரத் திட்டத் தாள் ஒன்று. அதில் வரிசையாகப் பெட்டிகள்: போன வாரம் எங்கே விட்டோம்? இந்த வாரம் யாருக்கு என்ன வேண்டும்? குறுக்கே வருவது எது? எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் இறக்கி அச்சிட்டுக்கொள்ளட்டும் என்று இணையத்தில் ஏற்றியும் வைத்திருந்தாள். சிங்கப்பூரில்கூட யாரோ அச்சிட்டு ஆடுகிறார்களாம்.

திட்டத் தாளின் அடியில் இன்னொரு பெட்டி உண்டு. வராதவரின் பகடை யார் கையில்? அது தணிகாசலம் போட்ட சட்டம். அவனவன் பகடையை அவனவன்தான் உருட்ட வேண்டும். வர முடியாதவன் யார் பேரைச் சொல்கிறானோ அவர் உருட்ட வேண்டும். பேர் சொல்லிவிட்டால் மறுக்கக் கூடாது. இந்தப் பெட்டி மட்டும் ஏன் இத்தனை பெரிதாக இருக்கிறது என்று முகம் தெரியாத ஒருவர் இணையத்தில் கேட்டிருந்தார். அபிநயா பதில் போடவில்லை. என்னவென்று போடுவாள்?

கதை எப்போதோ முடிந்திருக்க வேண்டும். அவள்தான் இழுத்துக்கொண்டிருந்தாள். திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றாகப் பெருகி வருவதோடு கதை முடிகிறது. படகிலிருந்து இறக்கிவிடப்பட்ட செங்கோடன் அங்கே மணல் திட்டில் தனியாக நிற்கிறான். அவனை அங்கேயே நிற்க வைத்துவிட்டு, ஒன்பது மாதமாக அவள் கொள்ளைக்காரன், காணாமல் போன மாடு, பேசும் ஆந்தை என்று என்னென்னவோ நுழைத்துவிட்டாள். வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிற நாங்களே அவ்வளவு இழுக்க மாட்டோம்.

"ஏம்மா, நெசப் பாலாத்துல சொட்டுத் தண்ணி காணோம். உன் கதையில மட்டும் மாசக்கணக்கா வெள்ளம் வருது, வருதுன்றியே?" என்று தணிகாசலமே கேட்டுவிட்டார்.

கதை முடிந்துவிட்டால் விக்ரம் திரும்பி வர ஒரு காரணம் மிச்சமிருக்காது என்று அபிநயா பயந்தாள்.

"அபி, ஜெராக்ஸ் எடுக்கணும் மா."

நிமிர்ந்தாள். திரிஷாவின் அம்மா லில்லி. மாதா கோவில் பூசை முடிந்து நேராக வந்திருந்தார். முக்காட்டுத் துணி இன்னும் தோளில் கிடந்தது.

"வாங்க ஆன்ட்டி. என்ன எடுக்கணும்?"

"ஆதார் மா. திரிஷாவுது, விக்ரமுது. ஓசூர்ல வூட்டுக்காரரு கேக்குறாராம்."

"அதுக்குள்ளயா? ஓசூருக்கு வேலை மாத்தல் அடுத்த மாசம்னுதான சொன்னான்?"

"வூடு கெடைச்சுடுச்சு மா. நாளைக்குக் காலையில வண்டி வருது."

அபிநயா ஆதார் அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு மெஷின் மூடியை மூடினாள். வெள்ளைத் தாள் வந்தது. அட்டையை உள்ளே வைத்தாள்.

"உங்கிட்ட சொல்லலியா? சொல்லியிருக்க மாட்டான். சொன்னா நீ அழுவே, நீ அழுதா அவனும் அழுவான்" என்றார் லில்லி. "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. ஞாயித்துக்கெழம மத்தியானம் ஆனா இந்தப் புள்ள ஒரு எடத்துல உக்கார மாட்டான். போனையே பாத்துக்கினு வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பான். திரிஷா கூட எங்கிட்ட கேட்டா. ஏம்மா, அந்த ஆட்டத்துல புதுசா ஆளு சேத்துப்பாங்களான்னு. எனக்கு இன்னா தெரியும்? தெரியல மான்னுட்டேன்."

"சேத்துப்போம் ஆன்ட்டி" என்றாள்.

"உன்ன கேக்கல மா. சம்பந்தி சொல்லணும்ல?"

லில்லி தாள்களைச் சுருட்டிக்கொண்டு, விக்ரமும் திரிஷாவும் அவரோடு குடியிருக்கிற செவிலிமேட்டுக்குப் பஸ் ஏறப் போனார்.

அபிநயா திட்டத் தாள் ஒன்றை அடித்துப் பேனாவை எடுத்தாள். இனி இழுக்க முடியாது. நாளைக்கு விக்ரம் ஊரிலேயே இருக்க மாட்டான். கடைசி ஆட்டம் என்று சொன்னாலாவது வருவானா பார்க்கலாம்.

'போன வாரம் எங்கே விட்டோம்?' என்ற பெட்டியில், 'செங்கோடன் மணல் திட்டில். மூன்று ஆறும் பெருகுகின்றன' என்று எழுதினாள். 'இந்த வாரம் யாருக்கு என்ன வேண்டும்?' என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள். 'எனக்கு என் தம்பி வேண்டும்' என்று எழுதினாள். அது கதாபாத்திரங்களுக்கான பெட்டி. ரப்பரை எடுத்து அழித்தாள். சரியாக அழியவில்லை.

கடைசிப் பெட்டியைக் காலியாக விட்டுப் படம் எடுத்து விக்ரமுக்கு அனுப்பினாள். ஒவ்வொரு ஞாயிறும் இதே வழக்கம். அவனும் ஒவ்வொரு ஞாயிறும் உடனே ஒரே சொல்லில் பதில் போடுவான்: 'அம்மா'. ரேணுகாம்பாள் மகனின் பகடையை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திவைத்து, சாமி கும்பிட்டுவிட்டு உருட்டுவாள்.

இன்று அனுப்பினாள்: 'கடைசி ஆட்டம். செங்கோடன் பிழைப்பானா மாட்டானான்னு இன்னிக்குத் தெரிஞ்சுடும். நீயே வாடா.'

அவன் எழுதுவதும் நிறுத்துவதுமாக இருப்பதைப் போன் திரை காட்டியது. பத்திரிகைக்கு வந்த ஒருவரிடம் அவள் பிழை திருத்தம் காட்டி முடிக்கும்வரை எதுவும் வரவில்லை. பிறகு வந்தது.

'அப்பா.'

அடுத்து இன்னொன்று: 'நான் வரணும்னா கூப்பிட வேண்டியது நீ இல்லக்கா.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். கடையை மூடுவதற்கு முன், எதற்கு என்று தனக்கே சரியாகத் தெரியாமல், வெறும் கதாபாத்திரத் தாள் ஒன்றைக் கூடுதலாக அடித்து ஃபைலில் வைத்துக்கொண்டாள்.

*

மதியம் நாற்காலியிலிருந்து துணி போயிற்று. மேசைமேல் கட்டக் காகித நிலப்படம் விரிந்தது. எதிர்வீட்டில் ஞாயிறென்றும் பாராமல் தறி ஓடிக்கொண்டிருந்தது.

அரக்கு நிறப் பகடையை அபிநயா அப்பாவின் முன்னால் வைத்தாள். தணிகாசலம் அதைப் பார்த்தார்.

"இது அவனுது. அம்மாகிட்ட குடு."

"உங்க பேரத்தான்பா சொல்லியிருக்கான்."

"என் பேரயா?"

"ஆமாம்பா. பேர் சொல்லிட்டா மறுக்கக் கூடாது. நீங்க போட்ட ரூல்ஸு."

தணிகாசலம் மனைவியைப் பார்த்தார். ரேணுகாம்பாள் நிலப்படத்தை நேராக்குவதுபோலக் குனிந்துகொண்டாள். நாளைக்கு வண்டி வருகிறது என்பதைச் சாப்பாட்டின்போதே அபிநயா சொல்லியிருந்தாள். அவர் அதைக் கேட்டும் கேட்காததுபோல மோர் ஊற்றிக்கொண்டார்.

அபிநயா கதையைத் தொடங்கினாள். மூன்று ஆறும் சேருகிற இடம். மழை கண்ணை மறைக்கிறது. கரையில் பச்சையம்மா. படகில் வரதன். நடுவே மணல் திட்டில் இடுப்பளவு தண்ணீரில் செங்கோடன். ஈட்டியை ஊன்றிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"ஏம்மா, இத்தினி நாளா அங்கயேவா நிக்கிறான்?" என்று கேட்டார் தணிகாசலம்.

"ஆமாம்பா. எறக்கிவுட்ட எடத்துலயே நிக்கிறான்."

தணிகாசலம் நிலப்படத்தில் அந்தத் திட்டைத் தேடினார்.

"தண்ணி ஏறிக்கினே இருக்குது. இப்ப அவன் நீந்திக் கரைக்கு வரணும். பத்தோ அதுக்கு மேலயோ விழுந்தா வந்துடுவான்."

"கீழ விழுந்தா?"

"ஆறு கொண்டு போயிடும்."

அவர் பகடையை எடுத்தார். எத்தனையோ வருடம் சில்லறை எண்ணி டிக்கெட் கிழித்த விரல்கள். ஓடுகிற பஸ்ஸில் ஒரு கம்பியும் பிடிக்காமல் நின்ற மனிதர் இப்போது மறு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மகளும் மனைவியும் பார்க்கிறார்கள் என்று தெரிந்து, அந்தக் கையை மேசைக்கு அடியில் கொண்டுபோனார்.

"அன்னிக்கு நான் கதையிலதான் சொன்னேன்" என்றார்.

ரேணுகாம்பாள் நிலப்படத்தின் ஓரத்தை நீவினாள்.

"மொதல்ல எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நான் இன்னா வேணாம்னா சொல்லியிருப்பேன்? ஊருக்கே தெரியுது. பெத்தவனுக்கு மட்டும் தெரியல." ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக அதை வெளியே சொன்னார். சொன்ன பிறகு, அவ்வளவு நாள் நெஞ்சில் வைத்திருந்ததற்கு அது மிகவும் சின்ன விஷயமாக அவருக்கே பட்டது போலிருக்கிறது, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ரேணுகாம்பாள் நிமிர்ந்தாள். பச்சையம்மாவுக்கென்று அவள் வைத்திருக்கிற கொஞ்சம் இழுத்த குரலில், "ஓடக்காரரே" என்றாள். "படகத் திருப்ப மாட்டீரா?"

தணிகாசலம் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அபிநயாவிடம் கேட்டார். "வெள்ளத்துல படகு எத்தினி பேரத் தாங்கும்?"

"அது வரதனோட படகு. வரதன்தான்பா சொல்லணும்."

"திட்டுல ரெண்டு பேரு நிக்கிறாங்க" என்றாள் ரேணுகாம்பாள்.

அபிநயாவின் திட்டத் தாளில் ஒருவன்தான் இருந்தான். கதை சொல்லுகிறவளைக் கேட்காமல் கதைக்குள் யாரும் ஆள் சேர்க்கக் கூடாது. வேறு நாளாக இருந்தால் அம்மாவோடு சண்டைக்கே போயிருப்பாள். இன்றைக்குத் தாளை மேசையில் குப்புறக் கவிழ்த்தாள்.

"ஆமாம்பா. ரெண்டு பேரு."

தணிகாசலம் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். துடைத்து வைத்த நாற்காலியைப் பார்த்தார்.

"ரெண்டாவது ஆளுக்கு ஷீட் இருக்குதா?" என்றார்.

"என்னப்பா?"

"ஷீட் இல்லாம எப்பிடி ஏத்துறது? ரூல்ஸுன்னா ரூல்ஸுதான்."

அபிநயா ஃபைலைத் திறந்தாள். அவசரத்தில் தாள்கள் கீழே சிதறின. காலையில் அடித்த வெறும் தாளைத் தேடி எடுத்து நீட்டினாள். பெயர், ஊர், கைவந்த தொழில், கூட வருகிறவர்கள். எல்லாப் பெட்டிகளும் காலியாக இருந்தன.

"பேர நாம எழுதக் கூடாதில்ல?"

"அவங்கவங்கதான்பா எழுதணும்."

"அதான் கேட்டேன்." அவர் தாளை நான்காக மடித்தார். எழுந்து ஆணியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டு, தாளையும் பகடையையும் மேல்பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

"எங்கங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் ரேணுகாம்பாள். குரல் பச்சையம்மாவுடையதாக இல்லை.

"செவிலிமேட்டுக்கு. அவன் டைஸ நான் போட மாட்டேன். அவன் கையால அவனே போடட்டும்."

"ஸ்கூட்டர்ல கொண்டுபோய் வுடட்டாபா?"

"வேணாம். பஸ்லயே போறேன். இன்னா பேசுறதுன்னு போற வழியில யோசிக்கணும்." படியிறங்கியவர் திரும்பி நின்றார். "ரேணு, ராத்திரிக்கு நாலு தோசை கூடவே ஊத்து. அந்தப் பொண்ணு... திரிஷா தோசை சாப்புடும்ல?"

அந்தப் பெயரை அவர் வாயால் அன்றைக்குத்தான் சொன்னார். ரேணுகாம்பாள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவர் தெருமுனை திரும்புகிறவரை இருவரும் வாசலில் நின்றார்கள். பிறகு ரேணுகாம்பாள் உள்ளே போய், ஏற்கெனவே சுத்தமாக இருந்த நாற்காலியை மறுபடி துடைத்தாள். பின்கட்டிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றையும் கொண்டுவந்து அதன் பக்கத்தில் போட்டாள். அபிநயா கீழே சிதறிய தாள்களைப் பொறுக்கினாள். அவள் மனது அப்படி லேசாகி எத்தனையோ நாளாகிவிட்டது.

தோசை மாவைக் கரைத்து வைத்துவிட்டு அம்மா திரும்பியபோது, அபிநயாவின் போன் ஒலித்தது. விக்ரமின் செய்தி.

'வண்டிக்காரருக்கு நாளைக்கு ஆவாதாம். இப்பவே வந்து சாமானெல்லாம் ஏத்தியாச்சு. வண்டி பின்னாலயே நாங்களும் பைக்குல கெளம்பிட்டோம்.'

அதற்குக் கீழே:

'அக்கா, அப்பா என்ன போட்டாரு?'

அபிநயா தம்பியைக் கூப்பிட்டாள். மணி போகவில்லை. அப்பாவைக் கூப்பிட்டாள். டிவி மேசைமேல் சார்ஜில் கிடந்த போன் ஒலித்தது.

"இன்னாடி? யாரு?" என்றாள் ரேணுகாம்பாள். ஒரு கை பிளாஸ்டிக் நாற்காலியின்மேல் இருந்தது.

அபிநயா வேகவேகமாகத் தட்டினாள். 'அப்பா போடல. எடுத்துக்கினு உங்கிட்டயே வராரு. திரிஷாவுக்கு ஷீட் கொண்டாராரு. எங்க இருக்கியோ அங்கயே நில்லுடா.'

அனுப்பினாள். பக்கத்தில் ஒற்றை டிக் விழுந்தது. போய்ச் சேர்ந்துவிட்டது என்று காட்டும் இரண்டாவதற்காகப் பார்த்துக்கொண்டே ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தாள்.